ஒன்பதாம் தேதி டிவிடெண்ட்

சிங்கப்பூர்
1 ஜூன் 2025

அன்புத் தங்கை ரோஸ்மேரிக்கு அண்ணன் சகாயராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மா அதை ஸ்பீக்கரில்தான் போடுவாள். உனக்கோ போன் என்றாலே குரல் வராது. "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவளிடம் நீட்டிவிடுவாய். அதனால்தான் உன் பனியன் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். இது நமக்குள் இருக்கட்டும்.

அக்டோபர் 14 அன்று உனக்குப் பதினெட்டு முடிகிறது. அப்பா போன விபத்துக்குக் கோர்ட் கொடுத்த பணத்தில் உன் பங்கு ஐந்து லட்சம். மைனர் என்று வங்கியில் போட்டு வைத்தது அன்றிலிருந்து உன் கையெழுத்துக்கு வரும். அம்மா அதை நகையாக்குவாள், இல்லையென்றால் மறுபடி டெபாசிட்டில் போடுவாள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வங்கியில் பணம் போட்டு வட்டி வாங்குவதை விட, வங்கியிலேயே ஒரு துண்டை வாங்கலாம். இங்குள்ள பெரிய வங்கி ஒன்றின் பங்கு நூறு வைத்திருக்கிறேன், பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு வருஷம் வெல்டிங் பண்ணிச் சேர்த்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிவிடெண்ட் வருகிறது.

உன் பணத்தை எந்த நாட்டு வங்கிப் பங்கில் போடலாம்? நம் நாடு, சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கா. நீயே ஒப்பிட்டுச் சொல். பத்தாவதோடு நின்றாலும் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கியவள் நீ.

உன் அண்ணன்,
சகாயராஜ்


முதலிபாளையம், திருப்பூர்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு ரோஸ்மேரி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குப் படி ஏறும்போது மட்டும்தான் வலி. நீங்கள் வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தைச் செக்கிங் சூப்பர்வைசர் செல்வக்குமார் அண்ணன் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "ஏங்கண்ணு, சிங்கப்பூர் ஸ்டாம்பெல்லாம் ஒட்டி வருது. மாப்பிள்ளைங்களா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்து மேஜை மாரக்காள் அக்காதான், "அது அவ அண்ணனுங்க. நீங்க போயி உங்க வேலயப் பாருங்க" என்றார்.

பனியன் அளக்கும் அட்டவணை மாதிரியே ஒரு தாளில் கோடு போட்டேன். கம்பெனி அட்டவணையில் மேலே சைஸ் இருக்கும், பக்கவாட்டில் மார்பு, நீளம், கை. இதில் மேலே நான்கு வங்கிகள், பக்கவாட்டில் கேள்விகள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செல்வக்குமார் அண்ணன் கம்ப்யூட்டரைத் தருகிறார். "பேங்க்ல வேலைக்குப் போறியா, பேங்க்கையே வாங்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தருகிறார்.

ஒரு வங்கி கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூறு ரூபாய் வரும் என்று வைத்துக்கொண்டேன். அந்த நூறுக்கு லண்டன் வங்கிப் பங்கு நூற்றுப்பத்துக்குக் கிடைக்கிறது. உங்கள் வங்கி நூற்றெழுபது. அமெரிக்கா இருநூற்று முப்பது. நம் நாட்டுத் தனியார் வங்கி இருநூற்று எண்பது. டிவிடெண்டோ தலைகீழாக இருக்கிறது. நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு லண்டனும் சிங்கப்பூரும் ஐந்து, அமெரிக்கா இரண்டு, நம் வங்கி ஒன்று. குறைவாகத் தருகிற வங்கிக்கு ஏன் அதிக விலை?

இன்னொன்று கேட்கலாமா? வாங்கும் பங்கு யார் பேரில் இருக்கும்?

அன்புடன்,
ரோஸ்மேரி


சிங்கப்பூர்
29 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு. நான் சுகம். உங்கள் சுகத்துக்குச் செபிக்கிறேன். செல்வக்குமாரிடம் நான் மாப்பிள்ளை இல்லை என்று சொல்லிவிடு.

நீ கேட்டது சரியான கேள்வி. நம் நாட்டில் வீடு, வண்டி, மெஷின் என்று கடன் கேட்டு ஜனங்கள் நிற்கிறார்கள். நல்ல வங்கியின் கடன் வருஷத்துக்கு நூறுக்குப் பன்னிரண்டு வளர்கிறது. லண்டனில் இரண்டு மூன்றுதான். அதனால் அங்கே லாபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று டிவிடெண்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். நம் வங்கி அதை உள்ளேயே வைத்து மேலும் கடன் கொடுக்கிறது. வளருகிற பிள்ளைக்குச் சட்டை பெரிதாக எடுக்கிற மாதிரி, வருகிற வருஷங்களுக்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள். வளராமல் போனால் சட்டை தொளதொளவென்று நிற்கும்.

என் பங்கோ ரூபாய்க் கணக்கில் அறுபது சதவீதம் ஏறியிருக்கிறது. டெபாசிட்டில் இது நடக்குமா?

அடுத்த வாரம் முதல் கப்பலின் டேங்குக்குள் வேலை. ஓவர்டைம் உண்டு. அம்மாவிடம் டேங்கு என்று சொல்லாதே, பயப்படுவாள்.

சகாயராஜ்


முதலிபாளையம்
14 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே எல்லோரும் நலம். டேங்குக்குள் காற்று வருமா? அம்மாவிடம் சொல்லவில்லை.

அறுபது சதவீதம் என்று எழுதியிருந்தீர்கள். பிரித்துப் பார்த்தேன். நீங்கள் போனபோது சிங்கப்பூர் டாலர் அறுபத்தொன்று, இப்போது அறுபத்தாறுக்கு மேல். பங்கு ஏறியது நாற்பத்தெட்டுதான், மீதி ரூபாய் இறங்கியது. திருப்பூரில் டாலர் ஏறினால் எல்லோரும் லாபம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், உங்களுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் நீங்கள் அரிசி வாங்குவது டாலரில்தானே.

போன வியாழக்கிழமை எங்கள் கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கியிலிருந்து ஒருவர் சரக்குக் கணக்கெடுக்க வந்தார். குடோனில் துணி ரோல் எத்தனை என்று எண்ண வேண்டும். முன் வரிசையை எண்ணினார், பின்னால் எத்தனை வரிசை என்று கேட்டுப் பெருக்கிக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பின் வரிசையில் இருப்பது சாயம் பிசகித் திரும்பி வந்த துணி. நான் ரோலுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாய் வரவில்லை. அன்றைக்கு என் அட்டவணையில் "வராத கடன்" என்ற வரியைப் பார்த்தேன். நம் வங்கி நூறுக்கு ஒன்றரை, உங்கள் வங்கி ஒன்று. இந்த ஒன்றரையை எண்ணியவர் எந்த வரிசை வரை போனார் என்று தெரியவில்லை. நம் ஊரில் நானாவது குடோனைப் பார்க்கிறேன். லண்டனில் யார் பார்க்கிறார்கள்?

பங்கு யார் பேரில் என்று கேட்டிருந்தேன். மறந்திருப்பீர்கள்.

ரோஸ்மேரி


சிங்கப்பூர்
9 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு. சுகம். இது என்னோடு தங்கியிருக்கும் ராஜபாண்டியின் கையெழுத்து. எனக்கு ஓவர்டைம், கை சோர்ந்து போகிறது. நான் சொல்கிறேன், அவன் எழுதுகிறான்.

பதில் தாமதமானதற்கு வருந்தாதே. முக்கியமானதைச் சொல்கிறேன். இந்த மூன்று மாதத்து டிவிடெண்ட் அறுபது டாலர் இன்று என் கணக்குக்கு வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தில் அறுபது டாலர். இதற்கு மேல் ஒப்பிட ஒன்றும் இல்லை. அமெரிக்காக்காரன் நம் ஊர்ச் சரக்குக்கு வரி போட்டிருக்கிறான். உங்கள் கம்பெனிகள் தடுமாறினால் நம் வங்கிகளும் தடுமாறும். சிங்கப்பூர் வங்கிதான். உன் பணத்தில் வாங்கினால் மாதச் சம்பளம் மாதிரி வந்துகொண்டிருக்கும்.

பிறந்த நாளுக்கு மறுநாளே ஐந்து லட்சத்தையும் எடுத்து எனக்கு அனுப்பிவிடு. அம்மாவிடம் ரினியூவல் என்று சொல். பங்கு என் பேரில் இருக்கும், உன்னுடையது உன்னுடையதுதான். தாமதம் வேண்டாம்.

சகாயராஜ்


முதலிபாளையம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இங்கே 27ஆம் தேதி முதல் அமெரிக்க வரி ஐம்பது சதவீதம் என்கிறார்கள். பாக்கிங் முடிந்த பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் நாலு நாள்தான் வேலை. மாரக்காள் அக்கா, "எனக்கு ஒரு பங்கு வாங்கிக் குடு கண்ணு, நானும் உக்காந்து திங்கறேன்" என்று கேலி செய்கிறார். சிரிக்க முடியவில்லை.

அம்மா உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள். "ஏட்டி, காசு மட்டும் ஒழுங்கா வருது. மூஞ்சியக் காட்ட மாட்டேங்கான். வீடியோ போட்டா கட் பண்ணிட்டு வெறும் பேச்சு பேசுதான். அங்க எவளையும் கட்டிட்டானா?" என்றாள். நான் இல்லை என்றேன்.

டிவிடெண்ட் வந்ததற்குப் போனில் ஒரு தகவல் வந்திருக்குமே. அதைப் படம் எடுத்து அச்சுப் போட்டு அனுப்ப முடியுமா? அட்டவணைக்காகத்தான்.

உங்கள் கையால் ஒரு வரியாவது எழுதுங்கள்.

ரோஸ்மேரி


சிங்கப்பூர்
7 செப்டம்பர் 2025

ரோஸ்மேரிக்கு. நலம்.

நான் உன் மேஜைக்கு வந்த பனியன் இல்லை, திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு. அண்ணன் சொன்னால் நம்ப வேண்டும். அம்மா பசியோடு இருந்தாளா, நீ பசியோடு இருந்தாயா? மாதா மாதம் அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறேன்? படம், அச்சு எல்லாம் வேண்டாம். அக்டோபர் 15 பணம் அனுப்பு. முடியாது என்றால் முடியாது என்று சொல். நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

சகாயராஜ்


முதலிபாளையம்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு. அம்மாவும் நானும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்பினேன்.

செக்கிங்கில் பிழை கண்டால் நாங்கள் யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. பிழை இருக்கும் இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவோம். அவர் பார்த்துத் திருத்திக் கொடுப்பார். எனக்கு இந்த வேலை பிடித்ததே அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 9ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தையே இதோடு வைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் வங்கியின் இணையப் பக்கத்தில் பார்த்தேன், அந்த டிவிடெண்டைக் கொடுத்தது ஆகஸ்ட் 22ஆம் தேதி.

ரோஸ்மேரி


சிங்கப்பூர்
11 அக்டோபர் 2025

அன்புத் தங்கைக்கு.

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ராஜபாண்டி மூன்று தடவை பேனாவை எடுத்தான், நான்தான் மூடச் சொன்னேன். இன்று அவன், "நீ சொல்லலேன்னா நானே எழுதிப் போட்டுருவேன்" என்றான். அதனால் சொல்கிறேன்.

ஜூலை 18 டேங்குக்குள் இரும்புத் தகடு சரிந்தது. என் வலது கையில் இரண்டு விரல் இல்லை. நடுவிரல் மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் நன்றாகவே பார்த்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வெல்டிங் இனி இல்லை.

முதல் மாதம் அடிப்படைச் சம்பளம் கொடுத்தார்கள், பிறகு அதுவும் நின்றது. அடிப்படை மட்டும் போதாது என்று தெரிந்து நூறு பங்கையும் ஜூலை கடைசியிலேயே விற்றுவிட்டேன். அம்மாவுக்கு வந்த காசு அதுதான். டிவிடெண்ட் எதுவும் வரவில்லை. பங்கே இல்லாதபோது எப்படி வரும்? ஒன்பதாம் தேதி உனக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். உன் பணத்தில் பங்கை மறுபடி வாங்கிவிட்டால் நடந்தது நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அதிலிருந்தே உங்களுக்கு மாதா மாதம் அனுப்பலாம் என்றும் நினைத்தேன். உன் பணத்தை உனக்கே அனுப்பியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

கம்பெனி ஆள் ஒரு பேப்பர் கொண்டு வந்திருக்கிறான். நாலாயிரம் டாலரும் விமான டிக்கெட்டும் தருவார்களாம். கையெழுத்துப் போட்டால் அதன் பிறகு எதுவும் கேட்க முடியாது. இங்கே வேலைக்காரர்களுக்கு உதவும் சங்கத்து அம்மா போடாதே என்கிறாள். பிப்ரவரியில் டாக்டர் கையைப் பார்த்து ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுதுவார், அந்தக் கணக்கில் நஷ்டஈடு இதைப் போல் பல மடங்கு வரும் என்கிறாள். பிப்ரவரி வரை எதைச் சாப்பிடுவது? நவம்பர் 15க்குள் பதில் கேட்கிறான். போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

நீ பணம் அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

சகாயராஜ்


முதலிபாளையம்
27 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு.

14ஆம் தேதி வரை உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அம்மாவோடு வங்கிக்குப் போனேன். மேனேஜர், "முழுசா எடுத்துக்கறீங்களா, ரினியூவலுங்களா?" என்று கேட்டார். அம்மா "ரினியூவல்" என்றாள். நான் "பத்து நாள் கழிச்சு வர்றேன் சார்" என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

23ஆம் தேதி உங்கள் கடிதம் வந்தது. கம்பெனியிலேயே படித்தேன். மாரக்காள் அக்கா என் மேஜைப் பீஸையும் சேர்த்துப் பார்த்து முடித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சொல்லிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். மன்னியுங்கள், அதுவரை என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அம்மா உடனே போன் போட்டாள். மூன்று தடவை. நீங்கள் எடுக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, நான் சொல்றத அப்படியே எழுது என்றாள். எழுதுகிறேன்.

"ஏலே சகாயம், ஒங்கப்பா போன பத்தாம் நாளு இன்சூரன்ஸ்காரன் ஒரு லட்சத்துக்குப் பேப்பர நீட்டுனான். அன்னைக்கு வீட்ல அரிசி இல்ல. நான் போடல. ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் சம்பளம் போச்சு. நீ கப்பலும் சிங்கப்பூரும் பாத்ததே அந்தக் கோர்ட்டுக் காசுலதான். நீ என்னன்னா ரெண்டு வெரல மறைக்க மூணு மாசம் பொய் சொல்லிருக்க. நான் என்ன வெரல எண்ணிப் பாத்தா ஒனக்குச் சோறு போட்டேன்? இனிமே காசு அனுப்பாத. நான் பனியன்ல நூல் பிசிறு வெட்டப் போறேன், ஒக்காந்துதான் வேல, முழங்காலு தாங்கும். அந்தப் பேப்பர்ல மட்டும் கைய வச்சிராத."

இன்று வங்கிக்குத் தனியாகப் போனேன். எழுபதாயிரம் எடுத்தேன், மீதி டெபாசிட்டிலேயே இருக்கிறது. மாதம் இருநூற்றைம்பது டாலர், பிப்ரவரி வரை நாலு மாதம். வெளிநாட்டுக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டு, படிவத்தை நானே எழுதினேன். அனுப்பும் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டேன். "குடும்பச் செலவுன்னு போடுங்கம்மா" என்றார். முதல் மாதத்துப் பணம் இந்த வாரம் வந்துவிடும். அதில் பங்கு வாங்காதீர்கள்.

எந்த வங்கி நல்லது என்று ஜூன் மாதம் கேட்டீர்கள். அவ்வப்போது கையில் காசு வேண்டியவருக்கு உங்கள் வங்கி. இருபது வருஷம் தொடாமல் இருக்க முடிந்தவருக்கு நம் வங்கி, அதுவும் ஒரே நாளில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. லண்டனும் அமெரிக்காவும் எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை, புரியாததை வாங்க மாட்டேன். ஆனால் நாளைக்கு அரிசி வாங்க வேண்டிய பணத்துக்கு இந்த நாலில் ஒன்றும் ஆகாது. ஜூலையில் நீங்கள் விற்றது நல்ல விலைக்கு என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு விலை பாதியாக இருந்திருந்தாலும் விற்றுத்தானே இருப்பீர்கள்?

கையெழுத்துப் போட வேண்டாம் அண்ணா. கை வலித்தால் வலிக்கிறது என்று எழுதுங்கள்.

ரோஸ்மேரி


சிங்கப்பூர்
12 நவம்பர் 2025

ரோஸ், அம்மா,

இது என் எழுத்து. இடது கை. ஒரு வரிக்கு நேரம் ஆகிறது.

கை வலிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதிகம்.

பணம் வந்தது. ராஜபாண்டிக்கு வாடகைப் பங்கு கொடுத்தேன். அரிசி வாங்கினேன்.

இன்று கம்பெனி ஆள் பேப்பரோடு வந்தான். போட மாட்டேன் என்றேன். நாலாயிரத்தை ஆறாயிரம் ஆக்கினான். அப்போதும் மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தம் போட்டான். சனிக்கிழமை பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருவானாம்.

வரட்டும்.

சகாயராஜ்